பின்னால் வரும் கார் சொல்லாது: மோட்டார்ஹோமில் கார் கட்டி இழுப்பவர்களுக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

35 அடி நீள மோட்டார்ஹோமை, அதாவது சக்கரத்தில் ஓடும் வீட்டை, யெல்லோஸ்டோன் பக்கம் ஒரு கேம்ப்கிரவுண்டில் நிறுத்தி, தண்ணீர்க் குழாய், கரண்ட், கழிவுக் குழாய் எல்லாம் மாட்டி முடித்தாயிற்று. இனி பால் வாங்குவதற்காக அதைக் கிளப்ப யாருக்கும் மனம் வராது. அதனால்தான் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பல மோட்டார்ஹோம்களுக்குப் பின்னால் ஒரு சிறிய கார், நான்கு சக்கரமும் தரையில் உருள, ஆளில்லாமல் வந்துகொண்டிருக்கும்.

இதில் உள்ள அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். 10 டன் வண்டியின் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் ஒன்றரை டன் கார் என்ன பாடு படுகிறது என்பது உறைக்காது. டயர் காற்றிறங்கி ரிம் தரையில் தேய்ந்தாலும், பிரேக் பிடித்தபடியே இழுபட்டாலும், முன்னால் ஏசி போட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகலாம். ஆகவே இரண்டு பொருள்களை நான் விருப்பச் சாமான்களாகக் கணக்கில் சேர்ப்பதில்லை: காரின் நான்கு டயர்களுக்கும் காற்றழுத்தம் காட்டும் சென்சார், கார் முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு பின்புறக் கேமரா. காரிலேயே உள்ள டயர் எச்சரிக்கை உங்களுக்கு உதவாது. அது எரிவது காரின் டாஷ்போர்டில், அங்கே பார்க்க ஆளில்லை.

கீழே சொல்வது எல்லாம் டோ பார் (இரண்டு வண்டியையும் இணைக்கும் இரு கை இழுவைக் கம்பி) போட்டு நான்கு சக்கரமும் உருள இழுப்பதைப் பற்றி. டோலியும் (காரின் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றிக்கொள்ளும் சிறு வண்டி), முழுக் காரையும் ஏற்றும் டிரெய்லரும் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும். எதைச் சோதிப்பதானாலும் மோட்டார்ஹோமின் பார்க்கிங் பிரேக்கைப் போட்ட பிறகே இரண்டு வண்டிக்கும் நடுவில் போய் நில்லுங்கள்.

அறிகுறி: கழற்றிய பிறகு காரில் கியர் விழவில்லை, அடியில் எண்ணெய், கருகல் வாடை

இதை முதலில் வைக்கக் காரணம், செலவு அதிகம் என்பது மட்டும் இல்லை. இங்கே சரிசெய்ய ஒன்றும் இருக்காது. கியர்பாக்ஸை மாற்ற வேண்டியதுதான்.

பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் உள்ளே எண்ணெயைச் சுழற்றும் பம்ப்பை ஓட்டுவது எஞ்சின். கார் இழுபடும்போது எஞ்சின் நின்றிருக்கும், சக்கரங்கள் சுற்றும், அவற்றோடு கியர்பாக்ஸின் ஒரு பாதியும் சுற்றும். பம்ப் ஓடாததால் எண்ணெய் மேலே ஏறாது. நியூட்ரலில் போட்டுவிட்டோமே என்பது இங்கே செல்லாது. நியூட்ரல் எஞ்சினைத்தான் பிரிக்கிறது, சக்கரத்தை இல்லை.

எனவே காரை வாங்கும் முன்பே உரிமையாளர் மேனுவலில் பொழுதுபோக்குப் பயணத்துக்கு இழுப்பது பற்றிய பக்கத்தைத் தேடுங்கள். கார் பழுதாகி நிற்கும்போது இழுப்பது பற்றிய பக்கம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். விற்பனையாளர் 'அதெல்லாம் இழுக்கலாம் சார்' என்று சொன்னால், மேனுவலில் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். நம்மவர் வீட்டு வாசல்களில் நிற்கிற ஆட்டோமேட்டிக் கேம்ரி, ஒடிஸி, பிரியஸ், டெஸ்லா எதுவும் இதற்கு ஆகாது. மின்கார்களில் சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும், மின்சாரம் உற்பத்தியாகும். டெஸ்லா தன் கார்களைச் சக்கரம் தரையில் உருள இழுக்கக் கூடாது என்றே சொல்கிறது.

அப்படியானால் எது ஆகும்? ஜீப் ராங்ளர் இந்த வேலைக்குப் பெயர் போனது. முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் அதன் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தனி நியூட்ரல் உண்டு, அதில் போட்டால் கியர்பாக்ஸ் சக்கரங்களிலிருந்து முழுதாகப் பிரிந்துவிடும். கையால் கியர் மாற்றும் சிறு கார்களில் பலவும் ஆகும், ஆனால் எல்லாமும் இல்லை. ஹோண்டா சிஆர்-வி நீண்ட காலம் இந்தக் கூட்டத்தின் செல்லமாக இருந்தது. 2015 மாடலில் சிவிடி என்ற, படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வந்ததும் அந்தக் கதை முடிந்தது. 2014 வரையிலான சிஆர்-வியை இன்றும் பழைய கார்ச் சந்தையில் தேடிப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அனுமதிக்கப்பட்ட காராக இருந்தும் கியர்பாக்ஸ் பாழானால், செய்முறையில் ஏதோ ஒரு படி விட்டுப்போயிருக்கும். அந்தப் பழைய சிஆர்-விக்கு எஞ்சினை ஓட்டி, கியரை எல்லா நிலைக்கும் நகர்த்தி, டி-யில் சில நொடி வைத்து, நியூட்ரலுக்கு வந்து, மூன்று நிமிடம் எஞ்சினை ஓடவிட வேண்டும். அப்போதுதான் எண்ணெய் எல்லா இடத்திலும் பரவும். ஒரே நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் இதை மறுபடியும் செய்ய வேண்டும். வேகம் மணிக்கு 65 மைலைத் தாண்டக் கூடாது. ராங்ளரில் வேறு முறை. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில், ஆட்டோமேட்டிக் கியர் பார்க்கில். பார்க்கில் வைத்து இழுப்பதா என்று முதல் தடவை எல்லோருக்கும் வயிறு கலங்கும், ஆனால் அதுதான் முறை. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் உண்மையில் நியூட்ரலுக்குப் போயிற்றா என்று பார்க்க, பார்க்கில் போடும் முன் எஞ்சின் ஓடும்போதே கியரை ரிவர்ஸிலும் டி-யிலும் போட்டுப் பிரேக்கை விடுங்கள். கார் அசையக் கூடாது. அசைந்தால் இன்னும் நியூட்ரலுக்குப் போகவில்லை.

இழுக்கக் கூடாது என்று மேனுவல் சொல்கிற கார்தான் கையில் இருக்கிறதா? முன்சக்கர இயக்கக் காராக இருந்தால் டோலி போதும், முன்சக்கரங்கள் அதன்மேல் ஏறிவிடும். நான்கு சக்கர இயக்கம் என்றால் டோலியும் வேண்டாம். முன்சக்கரம் நின்று பின்சக்கரம் சுற்றினால் நடுவில் உள்ள இணைப்பு கெடும். முழு டிரெய்லர்தான் வழி.

அறிகுறி: திருப்பத்தில் கீச்சென்று சத்தம், முன் டயரில் பக்கவாட்டுத் தேய்மானம்

ஸ்டீயரிங் பூட்டு விடுபடவில்லை. சாவியை முழுதாக எடுத்துவிட்டால் பல கார்களில் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். நேர்ச் சாலையில் ஒன்றும் தெரியாது. முதல் திருப்பத்தில் முன்சக்கரங்கள் திரும்பாமல் குறுக்கே தேய்ந்துகொண்டு வரும். சாவி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று மேனுவல் சொல்லும், பெரும்பாலும் ஆக்ஸசரி, அதாவது எஞ்சின் ஓடாமல் மின்சாரம் மட்டும் வரும் நிலை. பட்டன் ஸ்டார்ட் கார்களில் இதற்கென்றே தனிப் படிகள் இருக்கும்.

புறப்படும் இடத்திலேயே பிடித்துவிடக் கூடிய பிழை இது. ஆள் ஒருவரைப் பக்கத்தில் நிற்கவைத்து, நடக்கும் வேகத்தில் இடப்பக்கம் ஒரு திருப்பம், வலப்பக்கம் ஒரு திருப்பம் போங்கள். நான்கு சக்கரமும் உருள்கிறதா, முன்சக்கரங்கள் தானாகத் திரும்பி நேராகின்றனவா, டோ பாரின் இரண்டு கைகளும் நீண்டு 'கிளிக்' என்று பூட்டிக்கொண்டனவா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். பூட்டாத கையோடு கிளம்பினால் முதல் பிரேக்கில் பின்னாலிருந்து 'டங்' என்று ஓர் அடி கேட்கும்.

அறிகுறி: சக்கரம் தொட முடியாத சூடு, பிரேக் கருகும் வாடை

முதல் பத்து மைலில் ஒதுங்கி நின்று, தொடாமல் வெப்பம் அளக்கும் அகச்சிவப்புத் தெர்மாமீட்டரால் நான்கு சக்கரங்களையும் பாருங்கள். எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு இருந்தால் சரி. ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தின் காலிப்பரோ பேரிங்கோ சந்தேகத்துக்குரியது. பின் இரண்டும் சூடு என்றால் பார்க்கிங் பிரேக். மின்சாரப் பார்க்கிங் பிரேக் உள்ள சில கார்கள் எஞ்சின் நின்றதும் தாமாகவே அதைப் போட்டுக்கொள்ளும். நீங்கள் விடுவித்துவிட்டு இறங்கியிருப்பீர்கள், கதவைச் சாத்தியதும் அது மறுபடி பிடித்திருக்கும். அதை முடக்கும் வழி மேனுவலில் இருக்கும். ராங்ளரில் பின்சக்கரங்கள் சுற்றாமல் இழுபட்டால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இல்லை.

நான்கும் சூடு என்றால் குற்றவாளி பெரும்பாலும் மோட்டார்ஹோம் பிரேக் போடும்போது காரின் பெடலையும் மிதிப்பதற்காக நீங்கள் ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் வைத்த பிரேக் பெட்டிதான். பெடலை ஒட்டி வைப்பதற்குப் பதிலாக லேசாக அழுத்தியபடி வைத்துவிடுவது வழக்கமான தவறு. பெட்டியை மாட்டும் முன் எஞ்சினை நிறுத்திவிட்டு, பெடலை நாலைந்து முறை மிதித்து, பெடலை மிதிக்க உதவும் பூஸ்டரில் மிச்சமுள்ள வாக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். பெடல் கல் மாதிரி கெட்டியான பிறகு பெட்டியைப் பொருத்தி அளவு வையுங்கள். வாக்குவம் இருக்கும்போது வைத்த அளவு சாலையில் செல்லாது.

அறிகுறி: போய்ச் சேர்ந்தால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை

பேட்டரி இறங்கியிருக்கும். சாவி நாள் முழுக்க ஆக்ஸசரியில், பிரேக் பெட்டியும் அதே பேட்டரியை உறிஞ்சுகிறது, மின்னணுக் கருவிகள் வேறு விழித்துக்கொண்டிருக்கின்றன. ஸ்டார்ட் ஆகாதது சின்ன விஷயம். பேட்டரி இறங்கிய பிறகு பிரேக் பெட்டியும், கார் பிரிந்துபோனால் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் பிரேக்கவே கருவியும் வேலை செய்யாது என்பதுதான் பெரிய விஷயம். நடுவழியில் எப்போது இறங்கிற்று என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

சில மாடல்களில் மேனுவலே ஒரு ஃப்யூஸைக் கழற்றச் சொல்லும். அதற்கு ஒரு சுவிட்ச் போட்டுவைத்தால் தினமும் குனிந்து ஃப்யூஸைத் தேட வேண்டாம். நிலையான தீர்வு, மோட்டார்ஹோமின் ஏழு முனை பிளக்கில் உள்ள 12 வோல்ட் முனையிலிருந்து காரின் பேட்டரிக்கு ஒரு சார்ஜ் லைன் இழுப்பது. ஃப்யூஸோ சர்க்யூட் பிரேக்கரோ இல்லாமல் அந்த லைனை இழுக்காதீர்கள். லைன் இருந்தும் பேட்டரி இறங்கினால், மோட்டார்ஹோம் எஞ்சின் ஓடும்போது பிளக்கில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். அந்த முனைக்கு மின்சாரமே கொடுக்காமல் விடப்பட்ட வண்டிகளும் உண்டு.

அறிகுறி: பின்விளக்குகள் சொன்னபடி கேட்கவில்லை

முதலில் கோளாறு எந்தப் பக்கம் என்று பிரியுங்கள். காரின் கேபிளைக் கழற்றி, மோட்டார்ஹோம் பிளக்கில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். வழக்கமான நிறங்கள்: வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். அங்கே எல்லாம் சரியாக வந்தால் கோளாறு கேபிளிலோ காரிலோ.

விளக்கு மங்குகிறது, மினுக்குகிறது, இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து கண் சிமிட்டுகிறது என்றால் எர்த். பத்தில் ஒன்பது என்று சொல்ல ஆசைதான், கணக்கு எடுத்ததில்லை. ஆனால் வெள்ளைக் கம்பி காரின் உடலோடு சேரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, துருவைத் தேய்த்து, திருகை இறுக்கினாலே பல மர்மங்கள் தீர்ந்துவிடும். பிளக் முனைகளில் பச்சை பூத்திருந்தால் அதையும் சுத்தம் செய்யுங்கள். மழைக்காலத்தில் மட்டும் வருகிற கோளாறு பிளக்கில் இருந்தே வரும்.

அடுத்தது கொஞ்சம் நுட்பமானது. பிரேக் போட்டபடி இண்டிகேட்டர் போட்டால் காரில் மட்டும் இண்டிகேட்டர் சிமிட்டவில்லை, இரண்டு பக்கமும் நின்றெரிகிறது. காரணம் இதுதான். பிரேக் பெட்டி பெடலை மிதிக்கிறது, காரின் சொந்த பிரேக் சுவிட்ச் 'பிரேக்' என்று சொல்லிப் பின்விளக்குகளை எரிய வைக்கிறது. மோட்டார்ஹோமிலிருந்து வரும் சிமிட்டல் அந்த நிலையான வெளிச்சத்தில் காணாமல் போகிறது. பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே பல்பில் உள்ள அமெரிக்கக் கார்களில் இது சாதாரணம். இழுக்கும்போது மட்டும் காரின் பிரேக் சுவிட்ச் சிக்னலைத் துண்டிக்கும் ரிலே ஒன்று போட்டால் தீரும். இல்லாவிட்டால் பின்விளக்குக் கூட்டுக்குள் துளையிட்டுத் தனி பல்பு வைத்து, அதை மோட்டார்ஹோமோடு மட்டும் இணைக்கலாம். எனக்குப் பின்னதுதான் பிடிக்கும். காரின் சொந்த வயரிங்கில் கையே வைக்க வேண்டாம், டயோடும் வேண்டாம். காரின் கம்பிகளையே பயன்படுத்துவதாக இருந்தால் டயோடு கட்டாயம். ஒரு பக்கம் வரும் மின்சாரம் இன்னொரு பக்கத்தின் மின்னணுப் பெட்டிக்குள் திரும்பிப் போகாமல் தடுப்பது அதுதான்.

அறிகுறி: கேமராவில் காரின் முன்சக்கரங்கள் பேயாட்டம் ஆடுகின்றன

ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் முன்சக்கரங்கள் இடமும் வலமுமாக உதறத் தொடங்கும், தானாக நிற்காது. பயந்து பிரேக்கை அழுத்தாதீர்கள். காலை எடுத்து வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து ஒதுங்குங்கள். நின்றபின் மறுபடி கிளம்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அதை நம்ப வேண்டாம், திரும்ப வரும்.

சோதிக்கும் வரிசை, செலவு குறைந்ததிலிருந்து: டயர் காற்று, டோ பாரின் மட்டம், பேஸ் பிளேட்டின் (காரின் முன்புறத்தில் டோ பார் மாட்டும் தகடு) போல்ட்டுகள், பிறகு முன்சக்கர மூட்டுகளான டை ராடு, பால் ஜாயிண்ட் தேய்மானம், சக்கரக் கோணம். முன் ஆக்ஸில் ஒரே தண்டாக இருக்கும் ராங்ளரில் இது அதிகம். உயரம் ஏற்றி, பெரிய டயர் போட்ட ராங்ளரில் இன்னும் அதிகம். ஸ்டீயரிங் ஸ்டெபிலைசர் மாற்றினால் ஆட்டம் அடங்கும், ஆனால் தேய்ந்த பாகத்தை அது மறைக்கத்தான் செய்கிறது.

மின்சாரப் பவர் ஸ்டீயரிங் உள்ள கார்களில் இன்னொரு காரணமும் சேர்கிறது. மோட்டாருக்கு மின்சாரம் இல்லாதபோது ஸ்டீயரிங்கின் நடத்தையே மாறிவிடும். ராங்ளர் இல்லாத இன்னொரு ஜீப், செரோக்கி. அதற்கு, இழுக்கும்போதும் பவர் ஸ்டீயரிங்குக்கு மின்சாரம் கொடுக்கும் வயரிங் கிட்டையே கம்பெனி விற்றது. அது இல்லாமல் எவ்வளவு அலைன்மென்ட் பார்த்தாலும் பயனில்லை.

டோ பாரின் மட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சமதரையில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் டோ பார் ஏறக்குறைய தரைக்கு இணையாக இருக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் 3 அங்குலம், 4 அங்குலம் என்று வரம்பு வைத்திருப்பார்கள். அதற்கு மேல் சாய்ந்திருந்தால், திடீர் பிரேக்கில் காரின் எடை நேராகத் தள்ளாமல் மேலோ கீழோ தள்ளும். மோட்டார்ஹோமின் பின்னால் உள்ள ரிசீவர் என்ற துளையில் செருகும் ஏற்ற இறக்க அடாப்டர் வாங்கினால் போதும், பெரிய செலவு இல்லை.

அறிகுறி: பிரேக் போட்டால் பின்னாலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி இருக்கிறது

கார் தள்ளுகிறது, வேறு யாரும் இல்லை. காரில் துணைப் பிரேக் (மேலே சொன்ன பிரேக் பெட்டி போன்றது) இல்லை, அல்லது இருந்தும் வேலை செய்யவில்லை.

பெட்டியின் உணர்திறன் குறைவாக இருக்கலாம். மோட்டார்ஹோமுக்குள் உள்ள சின்ன டிஸ்ப்ளே பெடல் மிதிபடுவதைக் காட்டுகிறதா என்று காலி மைதானத்தில் 25 மைல் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். காட்டியும் தள்ளினால் பெடலுக்கும் பெட்டிக்கும் நடுவில் இடைவெளி இருக்கும், கம்பளம் வழுக்கியிருக்கும், இருக்கை பின்னால் நகர்ந்திருக்கும். ஏர் பிரேக் உள்ள பெரிய டீசல் வண்டியானால் அதன் காற்றழுத்தத்தோடு நேரடியாக இணையும் பிரேக் முறை இருக்கிறது. முன்னால் எவ்வளவு மிதிக்கிறீர்களோ அந்த அளவுக்குப் பின்னாலும் பிடிக்கும். நிரந்தரமாக இழுக்கப் போகிறவர்கள் அதைப் போட்டுக்கொள்வது நல்லது.

பிரேக்கவே சுவிட்சையும் இதே நேரத்தில் சோதியுங்கள். டோ பார் முறிந்து கார் பிரிந்துபோனால் அந்தச் சுவிட்சில் கம்பியோடு மாட்டிய பின் (ஊசி) உருவப்பட்டு, காரின் பிரேக் தானாகப் பிடிக்க வேண்டும். பின்னைக் கையால் இழுத்துப் பாருங்கள், காரைத் தள்ள முடியக் கூடாது. அந்த மெல்லிய கம்பியை டோ பாரில் கட்டியிருப்பதைக் கேம்ப்கிரவுண்டுகளில் அடிக்கடி பார்க்கலாம். டோ பாரே காரோடு போய்விட்டால் பின்னை யார் உருவுவது? மோட்டார்ஹோமின் சட்டத்தில் மாட்டுங்கள், திருப்பத்தில் இழுபடாத அளவு நீளம் விட்டு. சேஃப்டி கேபிள்கள் இரண்டும் டோ பாருக்கு அடியில் குறுக்காகப் போக வேண்டும்.

நீண்ட இறக்கத்தில் தள்ளுவது வேறு பிரச்சினை. அங்கே பிரேக்கை நம்பாமல் கியரை இறக்கி, எஞ்சினால் வேகத்தைப் பிடித்து வையுங்கள். துணைப் பிரேக் தொடர்ந்து பிடித்தால் காரின் பிரேக் வெந்துபோகும். வயோமிங்கில் ஜாக்ஸனுக்கு மேற்கே உள்ள டீட்டன் கணவாயில் சரிவு 10 சதவீதம். குளிர்காலத்தில் டிரெய்லர் வண்டிகளுக்கு அங்கே அனுமதியே இல்லை. கோடையிலும், காரைக் கழற்றி இன்னொருவர் தனியாக ஓட்டிக்கொண்டு இறங்குவதுதான் புத்திசாலித்தனம்.

அறிகுறி: மேட்டில் மூச்சு வாங்குகிறது, எஞ்சின் சூடேறுகிறது

மெக்கானிக்கிடம் போகும் முன் எடை மேடைக்குப் போங்கள். நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற பெயரில் எடை மேடைகள் இருக்கும், செலவு அதிகம் இல்லை.

மோட்டார்ஹோமின் இழுவைக் கொக்கியான ஹிட்சில் '5,000 பவுண்டு' என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து 5,000 பவுண்டு கார் இழுக்கலாம் என்று முடிவு கட்டுவதுதான் பிரச்சினையின் தொடக்கம். ஃபோர்டு எஃப்-53 அடித்தளத்தில் கட்டிய மோட்டார்ஹோம்களில் ஒரு வகையைப் பாருங்கள்: வண்டியின் அதிகபட்ச எடை 22,000 பவுண்டு, வண்டியும் அது இழுப்பதும் சேர்ந்து 26,000 பவுண்டு. தண்ணீர், துணிமணி, அரிசி மூட்டை, ஆட்கள் என்று வண்டி 22,000-ஐத் தொட்டுவிட்டால் மிச்சம் 4,000 தான், ஹிட்ச் என்ன சொன்னாலும். நான்கு கதவு ராங்ளர் அதைத் தாண்டிவிடும், ஏறக்குறைய 4,200 பவுண்டில் தொடங்குகிறது. காரை டிரெய்லரில் ஏற்றுவதானால் டிரெய்லரே 2,000 பவுண்டு அளவில் இருக்கும், காருக்கு மிஞ்சுவது 2,000. அதில் எந்தக் கார் அடங்கும்?

பணம் செலவழிக்காமல் எடை குறைக்க வழி தண்ணீர்த் தொட்டி. 75 கேலன் என்பது 625 பவுண்டுக்கு மேல். போகிற இடத்தில் குழாய் இருந்தால் கால் தொட்டியோடு கிளம்புங்கள். டோ பார், அடாப்டர், பேஸ் பிளேட், கேபிள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எடை வரம்பு உண்டு, அவற்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

அறிகுறி: டோ பார் கழற்ற வரவில்லை

வண்டி கோணலாகவோ சரிவிலோ நிற்கிறது, டோ பாரை மாட்டிய ஊசி (பின்) மேல் அழுத்தம் இருக்கிறது. சுத்தியலைத் தேடாதீர்கள். மோட்டார்ஹோமை ஓரடி முன்னே நகர்த்தியோ, காரின் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பியோ அழுத்தத்தை விடுவியுங்கள். உங்களுக்கான இடத்துக்குள் திரும்பும் முன்பே, கேம்ப்கிரவுண்ட் நுழைவாயில் பக்கம் நேரான, சமமான இடத்தில் காரைக் கழற்றிவிடுவது வழக்கமானால் இந்தத் தொல்லையே இல்லை.

கழற்றாமல் ரிவர்ஸ் எடுக்கலாமா? கூடாது. பின்னுக்குத் தள்ளும்போது காரின் முன்சக்கரங்கள் ஒரு பக்கமாக முழுதாகத் திரும்பிக்கொள்ளும், கார் மடங்கும், டோ பார் வளையும். டோலியிலும் இதே கதைதான். பெட்ரோல் பங்க்குக்குள் நுழையும் முன் வெளியே போகும் வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிக்கிக்கொண்டால் வெட்கப்படாமல் இறங்கிக் காரைக் கழற்றுங்கள், பின்னால் ஹாரன் அடிக்கிறவர் அடிக்கட்டும்.

அறிகுறி: போலீஸ் ஓரங்கட்டச் சொல்கிறார்

இறங்கும் முன் யூகிக்கலாம்: விளக்கு எரியவில்லை, நம்பர் பிளேட் மறைந்திருக்கிறது, சேஃப்டி கேபிள் தரையில் உரசுகிறது, அல்லது வேகம். கலிஃபோர்னியாவில் எதையாவது இழுக்கும் வண்டிக்கு நெடுஞ்சாலை வேக வரம்பு மணிக்கு 55 மைல், பலகை 70 என்று சொன்னாலும். பொதுவாக வலப்பக்க லேனில்தான் போக வேண்டும்.

துணைப் பிரேக் எந்த எடைக்கு மேல் கட்டாயம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பல மாநிலங்களில் 3,000 பவுண்டு, கலிஃபோர்னியாவில் கேம்ப் டிரெய்லர்களுக்கான விதியில் 1,500. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிரேக் இல்லாமல் இழுக்க, கார் 2,000 கிலோவுக்குக் குறைவாகவும் மோட்டார்ஹோமின் மொத்த எடை வரம்பில் 40 சதவீதத்துக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். நாலு மாநிலம் தாண்டிப் போகிற பயணத்தில் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட எங்கும் பிரேக்கோடு போவது எளிது. மொத்த நீளத்துக்கும் வரம்பு உண்டு, கலிஃபோர்னியாவில் 65 அடி. காருக்குப் பின்னால் படகையும் சேர்த்துக் கட்டுவதைப் பல மாநிலங்கள் ஒப்புவதில்லை. இழுபடும் காருக்குள் யாரையும் உட்கார வைக்காதீர்கள், தூங்குகிற பிள்ளையானாலும். காருக்குத் தனிப் பதிவும் இன்ஷூரன்ஸும் நடப்பில் இருக்க வேண்டும், இழுக்கும்போது ஏற்படும் சேதத்தை எந்தப் பாலிசி ஏற்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாடகை மோட்டார்ஹோமானால் ஒப்பந்தத்தில் இழுப்பதற்கே அனுமதி இல்லாமல் இருக்கலாம்.

பிரிட்டனில் இருப்பவர்களுக்குச் சட்டம் வேறு கண்ணால் பார்க்கிறது. அங்கே டோ பாரில் கட்டிய கார் ஒரு டிரெய்லர். 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம், பெரும்பாலும் எல்லாக் காரும் தாண்டும். காரின் பின்னால் மோட்டார்ஹோமின் நம்பர் பிளேட் இருக்க வேண்டும், முக்கோண ரிஃப்ளெக்டர்களும் வேண்டும். ஆனால் அந்த ஏற்பாட்டை ஸ்பெயின் போலீஸ் ஏற்பதில்லை, அபராதம் போடுகிறார்கள். குளிருக்குத் தெற்கே போகிறவர்கள் காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவதே நல்லது.